ரெனுவாரின் கைக்கு எத்தனை மார்க்?

1915-ல எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கு. சத்தம் கிடையாது. சாஷா கீத்ரி என்ற பிரெஞ்சு நாடகக்காரர், தன் நாட்டுப் பெரிய கலைஞர்களை எல்லாம் கேமராவில் பிடிச்சு வைக்கணும்னு ஆசைப்பட்டு எடுத்தது. அதில் ஒரு கிழவர் வருவார். வெள்ளைத் தாடி, ஒட்டிப்போன கன்னம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய கடைசி மகன் குளோத் நின்று உதவி செய்கிறான். கிழவரின் கையைப் பாருங்க. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கின்றன. மணிக்கட்டு வளைந்திருக்கு. துணி சுற்றியிருக்கு. அந்தச் சுருண்ட கைக்குள் ஒரு பிரஷ். அந்தப் பிரஷ் படபடவென்று கேன்வாஸில் ஓடுது.

அவர்தான் பியர் ஓகுஸ்த் ரெனுவார். உலக மியூசியங்கள் போட்டி போட்டு வாங்கும் ஓவியர். அவருக்கு இருந்த நோய் முடக்குவாதம், அதாவது ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். ஒரு நோய் எவ்வளவு கடுமையா இருக்கு என்பதும், அந்த நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதும் ஒண்ணுதானா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம், வாங்க.

மெஷினிடம் வேலையை இழந்த பையன்

1841 பிப்ரவரி 25. பிரான்ஸ் நாட்டின் லிமோஜ் நகரம், பீங்கானுக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு தையல்காரர் வீட்டில் பிறந்தார் ரெனுவார். சின்ன வயசிலேயே குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. 13 வயசில் படிப்பு முடிஞ்சது. பீங்கான் தட்டுகளில் பூ வரையும் பட்டறையில் வேலை கத்துக்கப் போனார். கை அப்படி ஓடியது. நல்ல சம்பாத்தியமும் வந்தது.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? பீங்கானில் படம் அச்சடிக்கும் மெஷின் வந்துடுச்சு. கையால் வரைகிற ஆளுக்கு வேலை இல்லை. இன்னைக்கு நாம ஏஐ பத்தி ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து பேசுறோமே, அதே கவலை 1850-களின் கடைசியில் இந்தப் பையனுக்கு வந்தது. விசிறியில் வரைந்தார், ஜன்னல் திரையில் வரைந்தார், காசு சேர்த்தார். 1862-ல் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கிளேர் என்ற ஆசிரியரின் ஸ்டுடியோவில் கிடைத்த கேங்தான் மோனே, சிஸ்லே, பாஸீல். 1874-ல் இந்த நண்பர்கள் வட்டம் பாரிஸில் தாங்களே ஒரு கண்காட்சி வைத்தது. ஊர் சிரித்தது. அவர்களைக் கிண்டல் பண்ண வைத்த பேர்தான் இம்ப்ரஷனிஸ்ட். கலை வரலாற்றில் அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

ரெனுவார் வரைந்தது எல்லாமே சந்தோஷம். நடனம், நண்பர்கள், மர நிழலில் விழும் வெயில் புள்ளிகள், குழந்தைகள். 1876-ல் வரைந்த மூலேன் த லா கலேத் நடனக் காட்சியைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பத்திருபது பேர் ஆடுற சத்தம் காதில் விழும்.

கை மெல்ல மெல்லப் போனது

அவருக்கு ஏறக்குறைய 50 வயசு ஆனபோது மூட்டுகளில் வலி ஆரம்பித்தது. 1897-ல் மனைவி ஆலினின் சொந்த ஊரான எஸ்வாவில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கை உடைந்தது. அதனால்தான் எல்லாம் வந்தது என்று வீட்டார் ரொம்ப நாள் நம்பினார்கள். ஆனா விழுந்ததால் வருகிற நோய் இல்லை இது.

கொஞ்சம் டெக்னிக்கலா சொல்லிடறேன். நம்ம ஒவ்வொரு மூட்டையும் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கு. மூட்டுக்கு எண்ணெய் போடுகிற வேலை அதோடது. முடக்குவாதத்தில் நம்ம உடம்பின் பாதுகாப்புப் படையே அந்தச் சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குது. சவ்வு வீங்குது, தடிக்குது, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்குது. தசைநார்கள் இழுபட்டு அறுகிறது. வயசானா முழங்கால் தேயுதே, அது வேற நோய். இது 30 வயசுக்காரருக்கும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமா வரும். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் அப்படியே இறுகிக் கிடக்கும். காய்ச்சல் மாதிரி ஒரு அசதி எப்பவும் கூடவே இருக்கும்.

1903-க்குப் பிறகு ரெனுவாருக்கு நோய் வேகம் எடுத்தது. டாக்டர்களிடம் கொடுக்க மருந்து என்று பெரிசா எதுவும் இல்லை. வலிக்கு ஆன்டிபைரின் கொடுத்தார்கள். பேதி மருந்து கொடுத்தார்கள். பூர்போன் லே பேன் போன்ற வெந்நீர் ஊற்று ஊர்களுக்குக் குளிக்க அனுப்பினார்கள். தெற்கே வெயில் அடிக்கும் கடலோரம் போகச் சொன்னார்கள். அப்படித்தான் அவர் நீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் கான்ய் என்ற ஊருக்குப் போனார். 1907-ல் அங்கே லே கொலெத் என்ற ஆலிவ் தோப்பை வாங்கினார். பழைய ஆலிவ் மரங்களை வெட்டாமல் காப்பாற்றணும் என்பதும் ஒரு காரணம்.

1908-ல் இரண்டு ஊன்றுகோல். 1912-ல், 71 வயசில், சக்கர நாற்காலி. வலது தோள் இறுகிவிட்டது. விரல்கள் உள்ளே மடங்கிவிட்டன. உடம்பு எலும்பும் தோலுமா ஆச்சு. உட்கார்ந்தே இருந்ததால் படுக்கைப் புண். ராத்திரி போர்வை காலில் பட்டாலே வலி, அதனால் காலுக்கு மேல் கம்பியில் ஒரு கூடு மாதிரி செய்து அதன் மேல் போர்வையைப் போட்டார்கள். இதைக் கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்க. ஒரு போர்வையின் எடை ஒரு மனுஷனுக்குத் தாங்க முடியலை.

இப்போ மார்க் போடலாம்

இன்னைக்கு இந்த நோய்க்கு டாக்டர்கள் எப்படி மார்க் போடுகிறார்கள்? டாஸ் 28 என்று ஒரு கணக்கு இருக்கு. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல் மூட்டுகள், முழங்கால் என்று 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, எத்தனை வலிக்குது, எத்தனை வீங்கியிருக்கு என்று எண்ணுவார்கள். ரத்தப் பரிசோதனை அளவு ஒன்றைச் சேர்ப்பார்கள். பிறகு நோயாளியையே கேட்பார்கள், மொத்தத்தில் எப்படி இருக்கீங்கன்னு. எல்லாத்தையும் ஒரு ஃபார்முலாவில் போட்டால் ஒரு எண் வரும். 5.1-க்கு மேல போனா கடுமை. 2.6-க்குக் கீழ வந்தா நோய் அடங்கியிருக்கு.

அருமையான கணக்குதான். ஆனா கவனிங்க, அந்த 28-ல் பாதம் இல்லை, இடுப்பு இல்லை. அதோட இது அளக்கிறது இப்போ எரிகிற நெருப்பை மட்டும்தான். நெருப்பு ஏற்கெனவே எரித்துவிட்டுப் போன வீட்டை இல்லை. நோய் பல வருஷம் ஆடி ஓய்ந்த பிறகு வீக்கம் குறையலாம், மார்க்கும் நல்லா வரலாம். மடங்கிய விரல் மடங்கியபடியே இருக்கும்.

அதனால்தான் 1980-ல் ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். பேர் ஹாக். அதில் மூட்டைப் பத்தி ஒரு கேள்வியும் இல்லை. சட்டை பட்டன் போட முடியுதா? நாற்காலியிலிருந்து எழ முடியுதா? டம்ளரைத் தூக்கி வாயில் வைக்க முடியுதா? குழாயைத் திருக முடியுதா? இந்த மாதிரி 20 கேள்விகள், 8 பிரிவுகள். சிரமமே இல்லைன்னா 0, முடியவே முடியாதுன்னா 3. நோய் வாழ்க்கைக்குள்ள எங்கெல்லாம் கை வைக்குதுன்னு இது காட்டும்.

இதிலும் ஒரு விசித்திரம் இருக்கு. ஒரு வேலையைச் செய்ய உங்களுக்கு ஒரு கருவியோ இன்னொரு ஆளோ தேவைப்பட்டால், வழக்கமான கணக்குப்படி அந்தப் பிரிவுக்குக் குறைந்தது 2 போட வேண்டும். டாக்டர் பக்கமிருந்து பார்த்தா அது சரி. கருவி தேவைப்படுது என்றால் உடம்பால் முடியலைன்னுதான் அர்த்தம். ஆனா நம்மை மாதிரி ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடன்ட் பக்கமிருந்து பாருங்க. கருவி கிடைச்சதால்தானே அந்த வேலை நடக்குது!

ரெனுவாருக்கு ஹாக் தாளைக் கொடுத்திருந்தால் கிட்டத்தட்ட எல்லாப் பிரிவிலும் 3 வாங்கியிருப்பார். அந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இப்போ பார்க்கலாம்.

லே கொலெத்தின் வொர்க்‌ஷாப்

முதலில் ஒரு தப்பைத் திருத்தணும். ரெனுவார் கையில் பிரஷைக் கட்டிக்கொண்டு வரைந்தார் என்று பல இடங்களில் படிச்சிருப்பீங்க. அப்படி இல்லை. அந்தத் துணி, மடங்கிய விரல்களின் நகம் உள்ளங்கைத் தோலைக் குத்திப் புண்ணாக்காமல் இருக்கச் சுற்றியது. பிரஷை யாராவது எடுத்து அந்த மடக்குக்குள் வைப்பார்கள், அவர் தானே பிடித்துக்கொள்வார். பிரஷை மாற்றத்தான் ஆள் வேண்டும். பிடியும் அசைவும் கடைசி வரை அவருடையதுதான்.

வண்ணத்தட்டை விரலால் பிடிக்க முடியாது. அதனால் அதை நாற்காலியின் கைப்பிடியோடு சேர்த்துப் பொருத்தினார்கள். தோள் இறுகிவிட்டது, கை மேலே எட்டாது, பெரிய ஓவியம் எப்படி வரைவது? கை கேன்வாஸுக்குப் போக முடியாவிட்டால் கேன்வாஸ் கைக்கு வரட்டும் என்று மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை வைத்து, கைப்பிடியைச் சுற்றினால் கேன்வாஸ் ஏறி இறங்குகிற மாதிரி ஒரு அமைப்பு செய்தார்கள். எந்தப் பகுதியை வரையணுமோ அது அவர் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். ரொம்ப சிம்பிள். ஆனா பிரச்சினையைச் சரியாப் பிடிச்ச டிசைன்.

வெளியே போய் வரைய ஆசைப்பட்டால் நாற்காலியோடு தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். தோட்டத்துக்குள்ளேயே கண்ணாடி வைத்த ஒரு ஸ்டுடியோ கட்டினார்கள், குளிர் படாமல் வெளிச்சம் மட்டும் வரட்டும் என்று. விரல்களில் கொஞ்ச நஞ்சம் இருக்கிற அசைவைக் காப்பாற்ற, நோய் முற்றுவதற்கு முந்தின வருஷங்களில் ஒரு சின்னக் கட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடித்துப் பயிற்சி செய்தார். இன்னைக்குப் பிசியோதெரபியில் சொல்வதை அவராவே கண்டுபிடிச்ச மாதிரி.

1913-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். சிற்பம்! களிமண்ணைத் தொட்டுப் பிசைய விரல் இல்லாதவர் சிற்பம் செய்யப் போகிறார். ரிஷார் கினோ என்ற இளம் சிற்பியைக் கூட வைத்துக்கொண்டார். ரெனுவார் நாற்காலியில் உட்கார்ந்து கையிலிருக்கும் குச்சியால் காட்டுவார். கினோ அங்கே மண்ணை எடுப்பார், இங்கே சேர்ப்பார். இந்தக் கூட்டணி 1918 வரை ஓடியது. பிற்காலத்தில் இது கோர்ட்டுக்குப் போனதும், 1973-ல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் கினோவையும் இணைப் படைப்பாளியாக ஒப்புக்கொண்டதும் தனிக் கதை. அதில் நியாயம் இருக்கு. உதவி செய்கிற கையும் கைதான், அதற்கும் பேர் உண்டு.

எழுந்து நடந்த அந்த நாள்

நான் ரொம்ப நாள் யோசிச்ச சம்பவம் ஒண்ணு உண்டு. அவர் குடும்பம் வழியாக வந்த செய்தி இது. 1912 வாக்கில் நண்பர்கள் வியன்னாவிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார்கள். சில வாரங்களில் நடக்க வைத்துவிடுவேன் என்று அவர் நம்பிக்கை கொடுத்தார். சத்தான சாப்பாடு, பயிற்சி. ஒரு மாதம் போல ஆனது. ஒரு நாள் டாக்டர் தூக்கிவிட, ரெனுவார் எழுந்து நின்றார். வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். அடி மேல் அடி வைத்து ஈசலைச் சுற்றி வந்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் டாக்டரிடம், இனி நடக்க முயற்சி செய்யப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். நடப்பதற்கு மனசின் பலம் முழுக்கச் செலவாகுது, அப்புறம் வரைய ஒண்ணும் மிச்சமில்லை, ரெண்டில் ஒண்ணுதான் என்றால் வரைவதே போதும் என்பது அவர் கணக்கு. அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை.

டாக்டரின் மார்க் ஷீட்டில் இது தோல்வி. நடை என்ற பிரிவில் 3 போட்டு மூட வேண்டியதுதான். ஆனா ரெனுவார் தோற்றாரா? நல்ல வாழ்க்கை என்றால் எது என்று முடிவு செய்யும் உரிமையை அன்னைக்கு அவர் தன் கையில் எடுத்துக்கொண்டார். சுருண்ட கைதான். ஆனாலும் அவர் கை.

இந்த நோய் பத்தின ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு விஷயமும் இதுக்குப் பக்கத்தில்தான் இருக்கு. நோய் கடுமையாகக் கடுமையாக உடம்பு சார்ந்த வாழ்க்கைத் தரம் நேராக இறங்குது. மனசு சார்ந்த பகுதி அவ்வளவு நேராக இறங்குவதில்லை. வலி, அசதி, தூக்கம், மனச்சோர்வு, வேலை இருக்கா போச்சா, பக்கத்தில் ஆள் இருக்கா இல்லையா, இதெல்லாம் சேர்ந்து அதைத் தூக்கும், இறக்கும். மூட்டு வீக்கம் ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு பேர் ஒரே மாதிரி வாழ்வதில்லை.

கதையின் மறுபக்கம்

இதைப் படிச்சிட்டு நாளைக்கே முடக்குவாதம் இருக்கிற யாரிடமாவது போய், ரெனுவாரைப் பாரு, மனசு இருந்தா மார்க்கம் உண்டுன்னு அட்வைஸ் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.

காரணம் சொல்றேன். நோய் முற்றின காலத்தில் ரெனுவார் பணக்காரர். அவர் படங்கள் நல்ல விலைக்குப் போயின. தோட்டம் இருந்தது, பணியாட்கள் இருந்தார்கள், பிரஷை எடுத்துக் கொடுக்க, தூக்கி உட்கார வைக்க, புண்ணுக்கு மருந்து போட எப்பவும் ஆள் இருந்தது. உட்கார்ந்து செய்யக்கூடிய தொழில், அதுவும் பிடித்த தொழில். அதே 1912-ல் அதே நோயோடு அதே பிரான்ஸில் ஒரு துணி துவைக்கும் பெண் இருந்திருந்தால்? ஈரத்துணியைப் பிழிய முடியாத அன்னைக்கே அவள் சோறு போயிருக்கும். அவளிடம் மனவலிமை குறைவு என்று யார் சொல்ல முடியும்?

ரெனுவாருக்கும் துயரம் குறைவில்லை. முதல் உலகப் போரில் மூத்த மகன் பியர் கையில் அடிபட்டார், இரண்டாவது மகன் ஜான் காலில் குண்டடிபட்டார். மருத்துவமனையில் ஜானைப் பார்த்துவிட்டு வந்த ஆலின், சர்க்கரை நோயோடு இருந்தவர், 1915 ஜூனில் இறந்துபோனார். வலி ராத்திரி பூரா தூங்க விடாத நாட்கள் அப்பவும் தொடர்ந்தன. வலியைக் கலை வென்றது என்று சுலபமா எழுதிடலாம். வலி போகவே இல்லை. வலிக்குப் பக்கத்திலேயே அவர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்தார். அவ்வளவுதான்.

(அந்த ஜான்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சினிமா இயக்குநர் ஜான் ரெனுவார். வங்காளத்துக்கு வந்து படம் எடுத்தார், அப்போ அவருக்குக் கூடமாட உதவிய இளைஞர் சத்யஜித் ராய். அப்பாவைப் பத்தி ஜான் எழுதின புத்தகம் வழியாத்தான் இந்த வீட்டுச் சங்கதிகள் நிறைய நமக்குக் கிடைச்சிருக்கு.)

கடைசி கேன்வாஸ்

1918-19-ல், கை முழுக்கச் சுருண்ட நிலையில், ரெனுவார் ஒரு பெரிய ஓவியம் வரைந்தார். குளிக்கும் பெண்கள். 110 சென்டிமீட்டர் உயரம், 160 சென்டிமீட்டர் அகலம். இப்போ பாரிஸின் ஓர்சே மியூசியத்தில் இருக்கு. அதில் வலியின் சுவடு எங்கேயாவது தெரியுதான்னு தேடிப் பாருங்க. வெயில், பசுமை, நிறைந்த உடல்கள். தான் இழந்த உடம்பை எல்லாம் கேன்வாஸில் கொட்டி வைத்த மாதிரி இருக்கும்.

1919-ல் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு லூவ்ர் மியூசியத்தைச் சுற்றிக் காட்டினார்கள். இளமையில் நின்று நின்று பார்த்த பழைய மேதைகளின் ஓவியங்கள். அவர் வரைந்த ஒரு படமும் அங்கே தொங்கியது. அதே வருஷம் டிசம்பர் 3-ம் தேதி, நுரையீரல் அழற்சியால் கான்ய் ஊரில் இறந்தார். வயசு 78.

அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 1929-ல், அவர் நாட்டுக்காரரே ஆன ஃபோரஸ்டியே என்ற டாக்டர் தங்க உப்பு ஊசி இந்த நோய்க்கு உதவுதுன்னு எழுதினார். 1948-ல் கார்ட்டிசோன் வந்தது. 1980-களில் மெத்தோட்ரெக்சேட் நிலைத்தது. இன்னைக்கு ஆரம்பத்திலேயே டாக்டரைப் பார்த்தால் ரெனுவார் கை மாதிரி ஆகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதனால் உங்க வீட்டில் யாராவது காலையில் ரொம்ப நேரம் விரல் மடக்க முடியலைன்னு வாரக்கணக்கில் சொன்னால், தைலம் தேய்ச்சா சரியாயிடும்னு தள்ளிப் போடாதீங்க. மூட்டுவாத டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க.

நோயின் கடுமையைக் குறைப்பது டாக்டர் வேலை. ஆனா அந்தக் கடுமைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கு பாருங்க, அதில் நமக்கும் வேலை இருக்கு. லே கொலெத்தில் அந்த இடைவெளியை நிரப்பியது ரெண்டு உருளை, ஒரு கைப்பிடி, பக்கத்தில் நின்ற மனிதர்கள். உருண்டைக் கைப்பிடி வைத்த கதவு, விரலால் திருகித் திறக்கிற பாட்டில் மூடி, படி மட்டும் இருக்கிற கட்டடம், இதையெல்லாம் நாளைக்கு வரையப் போகிறது யாரு? நாமதான்.

ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடிட்டு இருக்கீங்களா? அந்த மூடியைத் திறக்க முடியாத ஒருத்தரிடம் போய், என்ன செய்ய ஆசைன்னு முதலில் கேளுங்க. நடக்கணும்னுதான் சொல்வார்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க.